சராசரிக் கோடு

பங்கு விலைகளின் போக்கைக் கோடு காட்டிவிடும் என்று கேள்வியுற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலர், பணிக்கொடையை அதை நம்பி இடலாமா என்று என்னை வினவுகின்றனர்.

கணக்கு எளிதே. கடந்த 200 வணிக நாள்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200ஆல் வகுக்க வேண்டும். மறுநாள் புதியதைச் சேர்த்துப் பழையதொன்றை நீக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்வான். விலை அக்கோட்டுக்கு மேல் நின்றால் ஏற்றமாம். கீழே நின்றால் இறக்கமாம்.

ஆயினும், சராசரி என்பது நடந்து முடிந்தவற்றின் கணக்கு அன்றோ? 2020 மார்ச் 23இல் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2,237 என்னும் அளவில் முடிவுற்று, பின் ஏறத் தொடங்கிற்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியபின், மே இறுதியில்தான் அக்கோட்டைக் கடந்தது. மருந்துக்கும் அரிசிக்கும் வைத்த பணத்தை இதில் இட வேண்டா என்றேன். சந்தை ஏறாமலும் இறங்காமலும் கிடக்கையில் விலை கோட்டை மீண்டும் மீண்டும் கடக்கும். அவ்வொவ்வொரு முறையும் தரகுக் கூலி வேறு.