ஈவினையிலிருந்து உலகக் கிண்ணம் வரை

(சமாசத்தின் ஆண்டு நிறைவு விழாவில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசுவதற்கு இந்த மேடையில் என்னை விடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் 30 வருடத்துக்கு மேல் விசில் ஊதிச் சம்பளம் வாங்கியவள். எனக்குத் தெரிந்தது விளையாட்டு. ஆகவே இன்றைக்கு ஒரு விளையாட்டுக்காரியின் கதையைச் சொல்லப் போகிறேன். சொல்லி முடிக்கையில் உங்களிடம் ஒன்று கேட்பேன். அதையும் இப்பவே சொல்லி வைக்கிறேன், பிறகு "ரீச்சர் ஏமாத்திப் போட்டா" என்று சொல்லக் கூடாது.

வலைப்பந்தாட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நெஞ்சில் எழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு ஆடியிருப்பீர்கள். ஒரு பக்கத்துக்கு 7 பேர். களம் 100 அடி நீளம், 50 அடி அகலம். இரண்டு பக்கமும் 10 அடி உயரத்தில் ஒரு வளையம். கூடைப்பந்துக்கு இருப்பது போலப் பின்னுக்குப் பலகை இல்லை. பட்டுத் தெறித்து விழும் என்று நம்பி எறிய ஏலாது, நேரே வளையத்துக்குள் போட வேண்டும். பெரிய போட்டிகளில் 15 நிமிடப்படி நான்கு பகுதி, மொத்தம் 60 நிமிடம்.

இந்த விளையாட்டின் சட்டங்களைக் கொஞ்சம் கவனியுங்கோ. பந்தைப் பிடித்தவர் அதோடு ஓடக் கூடாது. நிலத்தில் தட்டித் தட்டிக் கொண்டுபோகவும் கூடாது. 3 விநாடிக்குள் மற்றவருக்கு எறிந்துவிட வேண்டும். களம் மூன்று பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியை முழுதாகத் தாண்டிப் பந்து பறக்கக் கூடாது, இடையில் ஒருவர் கையாவது பட வேண்டும். கோல் போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிற ஆக்கள் இரண்டே பேர். அதிலும் கோல் சூட்டர் தன் முனைப் பகுதியை விட்டு வெளியில் வரவே ஏலாது. பந்து அவரைத் தேடிப் போக வேண்டும்.

இதை ஏன் விபரமாகச் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

இனி அந்தப் பெண்ணின் கதை. பெயர் தர்ஜினி சிவலிங்கம். 1979-ல் பிறந்தவர். ஊர் எங்கட வலிகாமத்தில், புன்னாலைக்கட்டுவன் பக்கம், ஈவினை. உயரம் 6 அடி 10 அங்குலம். மீற்றரில் சொன்னால் 2.08. எங்கட வீட்டு வாசல் நிலைகளை நினைச்சுப் பாருங்கோ. அநேகமான வீட்டில அவர் குனிந்துதான் உள்ளுக்கு வர வேணும்.

அவர் வளர்ந்த காலம் எப்படியான காலம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983-ல் அவருக்கு வயது நாலு. 1995 ஒக்டோபர் 30-ந் திகதி வலிகாமமே எழும்பி இரவோடிரவாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததே, அப்போது வயது 16. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு மைதானம் என்று ஒன்று இருந்ததா? பந்து விளையாடுகிற வயதில் பங்கருக்குள் இருந்த தலைமுறை அது. யுத்தம் முடிந்த 2009-ல் அவருக்கு வயது 30.

உயரமான பொம்பிளைப் பிள்ளையைக் கண்டால் எங்கட சனம் சும்மா இருக்குமா? ரோட்டில் நின்று பார்க்கும். சிரிக்கும். பட்டப் பேர் வைக்கும். "இதுக்கு எங்கை மாப்பிள்ளை தேடுறது" என்று தாயின் காதில் விழக்கூடியதாகவே கதைக்கும். தன் உயரத்துக்காகக் கேலிப் பேச்சுக் கேட்டதைத் தர்ஜினியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எத்தனை பிள்ளைகள் இப்படியான பேச்சுக்குப் பயந்து, தோளைக் கூனிக்கொண்டு, வகுப்பில் பின் வாங்கில் போய் இருக்குதுகள் என்பதை நான் கண்ணால் கண்டவள். உயரம் என்றில்லை. கறுப்பு, மெலிவு, மொத்தம், திக்கு வாய். எங்கட வாய்க்கு ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும்.

அந்த உயரத்தைத் தர்ஜினி வளையத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். உடனே சிலர் சொல்லுவினம், "அவ்வளவு உயரம் இருந்தால் நானும் போடுவன்" என்று. போட ஏலாது, பிள்ளையள். கையை நீட்டினாலும் வளையம் இன்னும் மேலேதான். அதன் வாய் 15 அங்குலம், எங்கட நடுத்தரச் சட்டி ஒன்றின் வாய் அளவு. எதிர் அணிக்காரி மூன்றடி தள்ளி நின்று கையை விரிச்சு மறைப்பா. 3 விநாடிதான் நேரம். உடம்பு கடவுள் தந்தது என்று வைப்போம். குறி தவறாத கை ஆயிரமாயிரம் தரம் எறிந்து எறிந்து வருவது. அதை ஒருவரும் பிறக்கும்போது கொண்டுவருவதில்லை.

கொழும்பில் செலான் வங்கி அணிக்கு ஆடினார். தேசிய அணிக்குள் வந்தார். 2009-ல் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை சம்பியன் ஆனது. 2011-ல் சிங்கப்பூரில் உலகப் போட்டி நடந்தபோது மிகச் சிறந்த கோல் சூட்டர் என்று பெயர் எடுத்தார். பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் போய், மெல்பேர்ணில் சிற்றி வெஸ்ட் பல்கன்ஸ் என்ற கழகத்துக்கு ஆடினார். வலைப்பந்தாட்டத்தில் உலகத்துக்கே வாத்தியார் அந்த நாடு. அங்கே கூப்பிட்டு ஆட விடுகிறார்கள் என்றால் சும்மா இல்லை.

இடையில் பல ஆண்டுகள் ஆசியக் கிண்ணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. 2018-ல் சிங்கப்பூரில், சிங்கப்பூர் அணியையே 69க்கு 50 என்று வென்று, 9 வருடத்துக்குப் பிறகு இலங்கை திரும்பக் கிண்ணத்தை எடுத்தது. தலைவி சதுரங்கி ஜயசூரிய. அந்த அணியில் தர்ஜினியோடு எழிலேந்தினி சேதுகாவலர் என்ற இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார். மற்றப் பிள்ளைகள் பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். பந்தை எறிகிறவருக்கும் பிடிக்கிறவருக்கும் நடுவில் நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த ஆட்டம் ஒரு நிமிடமும் நடக்காது. அப்போது தர்ஜினிக்கு வயது 39.

அடுத்த வருடம், 2019-ல், இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் உலகக் கிண்ணம். 16 நாடுகள். அந்தப் போட்டி முழுவதிலும் எல்லா நாட்டுக்காரரையும் விட அதிக கோல் போட்டவர் ஆர்? 40 வயதுத் தர்ஜினி. 300-ஐயும் தாண்டிய கோல்கள். (கைதட்டல்)

கை தட்டுங்கோ. ஆனால் அடுத்ததையும் கேளுங்கோ. அந்த உலகக் கிண்ணத்தில் இலங்கை எத்தனையாம் இடம் தெரியுமா? 16-ல் 15. உலகத்திலேயே அதிக கோல் போட்ட பெண் இருந்த அணி, கடைசிக்கு முதல் இடம்.

ஏன் இப்படி? முதல் சொன்ன சட்டத்தை நினைச்சுப் பாருங்கோ. கோல் சூட்டர் தன் முனையை விட்டு வரக் கூடாது. மற்ற முனையில் எதிரி கோல் போடும்போது அவர் ஓடிப் போய்த் தடுக்க ஏலாது. நடுவில் பந்து பறிபோனால் போய்ப் பிடிக்க ஏலாது. பெரிய நாடுகளின் அணிகளுக்கு முன்னால் எங்கட அணிக்குத் தடுக்கிற பலமும் நடுக்களத்துப் பலமும் போதாமல் இருந்தது. வந்த பந்தை அவர் போட்டார். வராத பந்தை என்ன செய்வது?

இதைக் கேட்கும்போது உங்கட குழுக்கள் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும். நல்ல தலைவி ஒருத்தி இருப்பா. வங்கிக்கும் அவவே, பிரதேச செயலகத்துக்கும் அவவே, கணக்கும் அவவே, கடன் பிரிக்கிறதும் அவவே. மற்ற எல்லாரும் "அக்கா பார்ப்பா" என்று இருந்துவிடுவோம். அந்த அக்காவுக்கு ஒரு சுகயீனம் வந்தால் குழு படுத்துவிடும். கூட்டத்துக்கு வாறது, பதிவுப் புத்தகத்தை வாங்கி ஒருக்கால் வாசிக்கிறது, "இந்தக் காசு ஆருக்குப் போனது?" என்று பயமில்லாமல் கேட்கிறது, இதெல்லாம் நடுக்களத்தில் நிற்கிறவர்களின் வேலை. பேர் வராது. ஆனால் பந்து அவர்கள் கையால்தான் போக வேண்டும்.

இன்னொரு விசயம். 2022-ம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, அடுப்பில என்னத்தை வைக்கிறது என்று தெரியாத வருடம். அந்த வருடம் செப்ரெம்பர் 11-ந் திகதி டுபாயில் எங்கட ஆண்கள் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. அது எல்லாருக்கும் தெரியும். அதே நாள், அதே செப்ரெம்பர் 11, சிங்கப்பூரில் எங்கட பெண்கள் 63க்கு 53 என்று சிங்கப்பூரை வென்று வலைப்பந்தாட்ட ஆசியச் சம்பியன் ஆனார்கள். தர்ஜினி அந்த அணியிலும் இருந்தார். வயது 43. இந்த மண்டபத்தில் அந்த நாள் இரண்டு கிண்ணம் வந்தது என்று தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கோ பார்ப்போம். பாருங்கோ, நாலு கைதான். பெண்கள் செய்தால் பெண்களுக்கே தெரியாமல் போகிறது.

சரி. இப்போது எங்கட ஊருக்கு வருவோம்.

நான் கண்ட அளவில், பொம்பிளைப் பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போகிற வயது 12, 13. பெரியபிள்ளை ஆனவுடன் பெரும்பாலும் நிற்பாட்டி விடுவார்கள். நான் படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பிள்ளை. நல்ல கை, நல்ல ஓட்டம். திடீரென்று வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தாய் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவ. அவ சொன்னா: "ரீச்சர், எனக்கு விருப்பம் இல்லை என்று நினையாதேங்கோ. பயிற்சி முடிஞ்சு வர இருட்டிப் போகுது. நாயும் நிக்குது, ரோட்டில பெடியளும் நிக்கிறாங்கள். நான் வேலையால வந்து, ஆர் போய்க் கூட்டிக்கொண்டு வாறது?"

அந்தத் தாயில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. நியாயமான பயம். அதுக்குப் பதில் அறிவுரை அல்ல, ஒரு ஆள். பிறகு அந்தக் குறிச்சியில் மூன்று தாய்மார் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தர் போய் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவது. அவ்வளவுதான். ஒரு சதம் செலவில்லை. அந்தப் பிள்ளை மாகாண மட்டம் வரைக்கும் ஆடினாள். தேசிய அணிக்குப் போகவில்லை. இன்றைக்கு முன்பள்ளி ஆசிரியை. நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கதைப்பாள். தர்ஜினியாக வருவது கோடியில் ஒருத்தி. நிமிர்ந்து நிற்கப் பழகுவது மைதானத்துக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது.

வலைப்பந்து ஆடினால் வீட்டில் உலை கொதிக்கும் என்று நான் பொய் சொல்ல வரவில்லை. படிப்பை விடுங்கோ என்றும் சொல்லவில்லை. ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்குக் கிழமையில் மூன்று பின்னேரம் ஒரு மணித்தியாலம் கொடுங்கோ என்கிறேன்.

இப்போது நான் கேட்பதாகச் சொன்னதைக் கேட்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் முடிந்த பிறகு ஒரு அரை மணித்தியாலம் இதைக் கதையுங்கோ. உங்கட குறிச்சியில் 10 வயதிலிருந்து 16 வயது வரை எத்தனை பொம்பிளைப் பிள்ளைகள்? அதில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள்? நிற்பாட்டினவர்கள் ஏன் நிற்பாட்டினார்கள்? சப்பாத்து இல்லையா, கூட்டி வர ஆள் இல்லையா, மாதவிடாய் நாளுக்குத் துணி மாற்ற இடம் இல்லையா? காரணத்தைப் புத்தகத்தில் எழுதுங்கோ. எழுதினால்தான் வேலை நடக்கும், அது உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். கூட்டி வரும் முறையைத் தாய்மாரே போடலாம். வாசிகசாலை வளவில் இரண்டு கம்பமும் வளையமும் நடுவதற்குச் சமாசத்தின் பெயரில் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதலாம். ஒரு குழு எழுதினால் கடிதம். எல்லாக் குழுவும் சேர்ந்து எழுதினால் அவர்கள் கூப்பிட்டுக் கதைப்பார்கள்.

அதோடு, அடுத்த வருட விழாவில் உங்களுக்கும் ஒரு வலைப்பந்துப் போட்டி வையுங்கோ. குழுவுக்குக் குழு. சிரிக்காதேங்கோ! 43 வயதில் ஒருத்தி ஆசியக் கிண்ணம் எடுத்தவ. இஞ்ச இருக்கிறதில பாதிப் பேருக்கு அந்த வயது இன்னும் வரேல்லை. சட்டை, சப்பாத்து எப்படி என்று பிறகு யோசிப்போம். விசிலை நான் கொண்டு வாறன்.