ஸ்டூல் இருக்கிறது, உட்காரலாமா?

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. முப்பதாவது சேலையை உதறிக் காட்டும் பெண், இடது பாதத்தைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்கிறார். சற்று நேரம் கழித்துக் கால் மாற்றுகிறார். இந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, குடிக்க மோர்கூட வரும். அந்தப் பக்கம் நிற்பவர் காலை ஒன்பதரைக்கு நின்றவர். இரவு ஷட்டர் இறங்கும்வரை அவருக்கு அந்த மூன்றடி இடம்தான்.

ஜவுளி வியாபாரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய கடைகளில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் சேலை மடிப்பவரும் உட்கார்ந்திருப்பார், எடுக்க வந்த குடும்பமும் உட்கார்ந்திருக்கும், முதலாளி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் திண்டில் சாய்ந்திருப்பார். சில கடைகளில் பட்டுப் பிரிவு மட்டும் இன்றும் அப்படியே. கண்ணாடி கவுன்டரும் அடுக்குமாடியும் வந்தபிறகு விற்பவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. நிற்பதுதான் மரியாதை, உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

கால் இதை எப்படித் தாங்குகிறது? பாதத்துக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்ப நாலடி மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ளும். ஏறிய ரத்தம் கீழே வழியாதபடி சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுத்து நிறுத்தும். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் தசைக்கு வேலை இல்லை. அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் இடுப்புக்குக் கீழே தேங்கி நிற்கும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் சிரை விரிகிறது, வால்வு சரியாக மூடாமல் போகிறது, முழங்காலுக்குப் பின்னால் நீலநிறத்தில் புழுப்போல முறுக்கிக்கொண்டு தெரிகிறது. டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள், ஊரில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்பார்கள். கவனிக்காமல் விட்டால் கணுக்காலருகே ஆறாத புண் வரும். டென்மார்க்கில் தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றோ நடந்தோ கழித்தவர்கள் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, மற்றவர்களைவிட ஏறக்குறைய முக்கால் மடங்கு அதிகமாக இருந்தது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்வோர் இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றது. அதற்கு ஓராண்டு முன்னால் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கவில்லை. ஆக, மில்லில் நூல் நூற்றவருக்கு ஸ்டூல் இருந்தது. அந்த நூலில் நெய்த சேலையை விற்றவருக்கு இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1899லேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்தில் கடைப் பெண்களின் பிரச்சினையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் கோழிக்கோட்டின் விஜி. தையல் வேலை செய்தவர். அவர் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கேட்டது நாற்காலியை அல்ல, கழிப்பறையை. மிட்டாய்த் தெருக் கடைகளில் அந்த வசதி இல்லாததால் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், நீர்க்கடுப்போடு வீடு திரும்பினார்கள். பிறகு இருக்கைக்கான போராட்டம். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் 100 நாளுக்கு மேல் வாசலில் உட்கார்ந்தார்கள். உள்ளே உட்கார உரிமை கேட்டு வெளியே உட்கார வேண்டியிருந்தது! 2018இல் கேரள அரசு இதற்காகச் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில், ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை 'அங்காடித் தெரு' படம் 2010இலேயே காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் அடுத்த பண்டிகைக்கு அதே தெருவில்தான் துணி எடுத்திருப்பார்கள். சட்டம் வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம், கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும், நாள் முழுக்க நின்றே தீரும் நிலை கூடாது என்பது அதன் சாரம்.

சிக்கல் அந்த 'வாய்ப்பு' என்ற சொல்லில்தான். அதை யார் தீர்மானிப்பது? சூப்பர்வைசரா, கூரையில் தொங்கும் கேமராவா? மாடிக்கு நான்கு ஸ்டூல் வாங்கிப் போட்டு, சட்டப்படி நடந்தாயிற்று என்று நினைக்கும் முதலாளி உண்டு. மேல்தட்டுத் துணியை எடுக்க ஏறி நிற்பதற்கும் பார்சல் அட்டைப்பெட்டி வைப்பதற்கும் அந்த ஸ்டூல் பயன்படும். ஊழியர் கீழ்த்தட்டில் ஏதோ தேடுவதுபோல் குந்தி, இரண்டு நிமிடம் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு எழுந்திருப்பார். ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஸ்டூல்களை எண்ணிவிட்டுப் போகாமல், மாலை ஆறு மணிக் கூட்டத்தில் அவற்றின்மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கதை விளங்கிவிடும்.

நல்ல மனதுள்ள முதலாளிக்கு இதில் பெரிய செலவில்லை. கவுன்டருக்கு ஏற்ற உயரத்தில், பாதம் ஊன்றக் கட்டை வைத்த ஸ்டூல் வேண்டும். ஒரே பிரிவில் நிறுத்தாமல் ஆளை மாற்றிமாற்றி விடலாம். எட்டும் தூரத்தில் தண்ணீர், கேட்டு அனுமதி வாங்காமல் போய்வரக் கழிப்பறை. எல்லாவற்றுக்கும் முன்னால், கூட்டம் குறைந்ததும் "உட்காரும்மா" என்று அவரே ஒருமுறை சொல்லிவிட்டால் சூப்பர்வைசரின் முறைப்பு தானாக அடங்கும். வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுபவர்கள் உட்கார்ந்துதான் போடுகிறார்கள், வரிசை ஒன்றும் நின்றுவிடவில்லை.

இரவு பத்து மணி. விடுதி அறையில் பாயை விரித்ததும் சுவரோரமாகப் படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்கிறார் அந்தப் பெண். காலில் தேங்கிய ரத்தம் இறங்க மருத்துவர்கள் சொல்லும் வழியும் அதுதான். அவருக்கு அதைச் சொல்லித் தந்தது பக்கத்துப் பாயில் படுக்கும் அக்கா. செகண்ட் ஃப்ளோர், சுடிதார் பிரிவு. பதினோரு வருட சர்வீஸ்.