எங்கம்மா வாருன உப்பு

 

கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவியலைத் தருவது பாடப்புத்தகமா, செய்முறை முகாமா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "முதல்ல ஒழுங்காப் படிச்சு மார்க் வாங்கட்டும், முகாமெல்லாம் அப்புறம்" என்றார். ஐயா, இது உப்பளத்து ஊர். உப்புக் கரிக்கும்னு இங்கே எந்தப் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது? (சிரிப்பு)

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்த முகாமைப் பார்க்கப் போயிருந்தேன். டப்பாவில் வைத்த லட்டைக் காணோம். திருடன் யார்? அதுதான் அன்றைக்குத் தடயவியல் பாடம். எவர்சில்வர் மூடியில் பென்சில் கரித்தூளைத் தூவி, செலோடேப்பை ஒட்டி ரேகையை எடுத்தார்கள் பிள்ளைகள். எல்லார் விரலோடும் ஒப்பிட்டுப் பார்த்தால்... தலைமையாசிரியர்! (பலத்த சிரிப்பு)

அடுத்தது உயிரித் தொழில்நுட்பம். ஒரு பெண் பிள்ளை வாழைப்பழத்தைப் பிசைந்து, சோப்புக் கரைசலும் உப்பும் சேர்த்து வடிகட்டி, குளிர்ந்த ஸ்பிரிட்டை ஓரமாக ஊற்றியது. சோப்பு செல்லின் உறையை உடைக்கிறது. உப்பு டி.என்.ஏ. இழைகளைத் திரள வைக்கிறது. ஸ்பிரிட்டில் அது கரையாது. வெள்ளை நூலாக மேலே எழும்புகிறது. உப்பு அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டு வந்தது. "சார், எங்கம்மா வாருன உப்பு சார்!" என்றது பாருங்கள்! (கைதட்டல்)

தமிழ் வாத்தியாருக்கு இதுல என்ன வேலை என்கிறீர்களா? இருக்கு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் என்ன செய்தான்? பொற்கொல்லன் சொன்னான், நம்பினான், கோவலன் உயிர் போயிற்று. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகி சிலம்பில் மாணிக்கம். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் போதும். உடைத்தார்கள். எப்போ? ஆள் செத்த பிறகு! அந்த அவையில் இந்தப் பிள்ளைகளில் ஒன்று நின்றிருந்தால், "ராஜா, கொஞ்சம் பொறுங்க, முதல்ல சோதிச்சுப் பாப்போம்" என்றிருக்கும்.

அந்தப் பாண்டியனின் முத்துத்துறை கொற்கை. இதே மாவட்டம். இந்தக் கடலில் 1961-உடன் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. 1973-ல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி அழகர்சாமி, சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். சிப்பியை மயக்கி, சின்ன மணி ஒன்றையும், இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் ஒட்டினாற்போல் உள்ளே வைக்கணும். கை நடுங்கினால் முத்து இல்லை. அந்தப் பக்குவத்தை எந்தப் புத்தகம் விரலுக்குச் சொல்லித் தரும்?

"அரசாங்கம்தான் முகாம் நடத்துதே" என்பார்கள். நடத்தியது. 2008-ல் மத்திய அரசு தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முகாம் வைத்தார்கள். யாருக்கு? பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் 1 சதவீதத்துக்கு! பசியோட 99 பேர் வாசலில் நிற்கிறான். ஏப்பம் விடுறவனுக்கே மறுபடி இலை போடுகிறீர்களே, நியாயமா? (கைதட்டல்) 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளிடம் சோதனைகளைக் கொண்டு போனது. சந்தோஷம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிஷம் ஐயா. சாயங்காலம் அந்தப் பிள்ளை குப்பியை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறது. "ஏட்டி, என்னதிது, மருந்தா?" என்று அம்மா கேட்டாளாம். "இல்லம்மா, வாழைப்பழத்தோட ஜாதகம்!" (சிரிப்பு) மறுநாள் உப்பளத்துப் பெண்கள் நாலு பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "அந்த ஜாதகத்தை எங்களுக்கும் காட்டுங்க டீச்சர்" என்று கேட்டிருக்கிறார்கள்.