படம் எடுப்பதும் படம் படிப்பதும்
(மைசூருவில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மாடுகளைப் பேணுவதற்கென்று அரசே ஒரு துறையை நடத்தும் வழக்கம் மைசூருக்குப் புதியதன்று. உடையார் காலத்துப் 'பெண்ணெச் சாவடி'யே திப்பு சுல்தான் ஆட்சியில் 'அமிர்த மகால்' எனப் பெயர் பெற்றது. அன்று அந்த மாடுகளின் பெருமை படைத் தளவாடங்களை இழுக்கும் வலிமையில் இருந்தது. இன்று சிறு விவசாயியின் வீட்டில் நிற்கும் கலப்பினப் பசுவின் மதிப்பு, அது எத்தனை மாத இடைவெளியில் கன்று ஈனுகிறது என்பதைப் பொறுத்தது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பசுவினமும் எருமையினமும் சேர்ந்து 30 கோடிக்கு மேல் உள்ளன. நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்றவன். ஆகவே இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பசுவின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். செயற்கைமுறைக் கருவூட்டலுக்குப் பின் சினை பிடித்ததா என்பதை மலக்குடல் வழியே கையைச் செலுத்தி அறிவது பழைய முறை. பொதுவாக இரண்டு மாதம் ஆனபின்பே உறுதியாகச் சொல்ல இயலும். கேளா ஒலிக் கருவி, அதாவது ஸ்கேன், ஒரு மாத அளவிலேயே காட்டிவிடுகிறது. சினை பிடிக்காத பசுவை 30ஆம் நாளில் கண்டுகொண்டால் 42ஆம் நாள் வரும் பருவத்தைப் பயன்படுத்தலாம். 60ஆம் நாளில் கண்டால் 63ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பராமரிப்புச் செலவு 200 ரூபாய் என்று கணக்கிற்காகக் கொண்டால், இழப்பு 4,200 ரூபாய். பருவத்தின் அறிகுறியை வெளிக்காட்டாத மாடுகளில் இந்த லாபம் மெய்யானது. கருவி வாங்கப் பரிந்துரைக்கும் கோப்புகள் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும்.

எஞ்சிய கதை திரையில் இருக்கிறது. நீர்மம் கேளா ஒலித் திரையில் கறுப்பாகத் தெரியும். கருவைச் சூழ்ந்த நீரும் கறுப்பு. நோயுற்ற கருப்பையில் தேங்கிய சீழும் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றலாம். கருவின் இதயம் துடிப்பதைக் கண்ட பின்னரே 'சினை' என்று எழுதலாம். இதற்கு மறுதலையான பிழை இன்னும் கொடியது. இளங்கருவைக் காணத் தவறி 'சினை இல்லை' என்று எழுதிவிட்டு, பருவத்தை வரவழைக்கப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால், இருக்கும் கருவும் கலைந்துவிடும். விவசாயி பணம் கொடுத்துக் கருவை இழக்கிறான். பெரும்பாலும் அதை அறிவதும் இல்லை. சரியாகக் கண்ட இளங்கருவும் சில வேளைகளில் தானே அழிவதுண்டு. எனவே இரண்டாம் மாதத்தில் மறு பரிசோதனை இன்றியமையாதது.

எக்ஸ்ரேயிலும் இதே நிலைதான். தீவனத்தோடு விழுங்கிய ஆணியும் கம்பியும் மாட்டின் இரண்டாம் இரைப்பையில், தேன்கூடு போன்ற சுவருடைய அறையில், தங்கிவிடுகின்றன. அதற்கு முன்னே உதரவிதானம், அதற்கப்பால் இதயம். கம்பி துளைத்துக்கொண்டு முன்னேறினால் மாடு பிழைப்பது அரிது. படத்தில் கம்பி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்; ஆனால் நலமாக உள்ள மாடுகளின் வயிற்றிலும் இரும்புத் துண்டுகள் கிடப்பதுண்டு. கம்பி இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை; அது தரையில் கிடக்கிறதா, சுவரைத் தாண்டி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த இரைப்பை நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு முறை சுருங்கும். அச்சுருக்கம் குறைந்துள்ளதா, பக்கத்து உறுப்போடு ஒட்டிக்கொண்டதா என்பதைக் கேளா ஒலி காட்டும். கம்பியைக் காட்டுவதில் அதற்குத் திறமை போதாது. நகரத் தெருக்களில் மேயும் மாடுகள் விழுங்கும் பிளாஸ்டிக் பையோ எக்ஸ்ரேயில் தனித்துத் தெரிவதே இல்லை. 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற சொல்லை 'வயிற்றில் ஒன்றுமில்லை' என்று படித்தால் அந்த மாட்டுக்கு அறுவை சிகிச்சை காலத்தில் கிடைக்காது. இங்கே படத்தைவிட மாட்டின் நடையும், அசைபோடும் விதமும், வைத்தியரின் கையுமே கூடுதலாகச் சொல்லும்.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டைப் பிடித்து நிற்பவர் பெரும்பாலும் அதன் உரிமையாளரே. அவருக்கும் ஓர் ஈய மேலுடை வாங்க எந்தத் திட்டத்திலும் பணம் இருக்க வேண்டும்.

கருவி ஒருமுறைச் செலவு. தணிக்கைக்கு அதைக் காட்டுவது எளிது. படிக்கும் திறன் ஆண்டுதோறும் கேட்கும் செலவு. பொருட்பட்டியலில் அதற்கு இடமில்லை. நான் வேண்டுவது பெரிய திட்டமன்று. ஸ்கேன் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு பதிவேடு வேண்டும். ஒரு பத்தியில் படத்தைப் பார்த்து எழுதிய முடிவு. அடுத்த பத்தியில் நடந்தது: கன்று ஈன்றதா, அறுவையில் கம்பி கிடைத்ததா, இறந்தபின் சோதனை என்ன சொன்னது. ஐயமான படங்களைக் கைபேசி வழியே பெங்களூரு ஹெப்பாளில் 1958 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு கல்லூரிக்கோ அனுப்பி இரண்டாம் கருத்துப் பெறலாம். அடுத்த கருவிக்கு நிதி கேட்டு வரும் அலுவலரிடம் முதலில் அந்த இரண்டாம் பத்தியைக் கேளுங்கள். அது வெற்றாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பலாம்.