கதைமாந்தரை எப்பெயரால் அழைப்பது?

1968-இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் தாங்கிய ‘மாஸ்டர் பிள்ளை’ வேடத்தைக் கண்டு நாமும் நகைத்தோம், உள்ளூர நொந்தோம். மறு ஆண்டே சென்னை மாநிலம் தமிழ்நாடாயிற்று. ஆயினும் தென்னாட்டார் அனைவரையும் ‘மதராசி’ என்னும் ஒரு சொல்லில் அடைக்கும் வழக்கம் வடபுலத்தில் முற்றும் ஒழிந்திலது.

நிற்க. நம் கதைகளில் மட்டும் என்ன வாழ்கிறது? வட்டிக்கடைக்காரரெல்லாம் ‘சேட்டு’, இரவுக் காவலரெல்லாம் ‘கூர்க்கா’! முன்னது வணிகரைச் சுட்டும் மதிப்புச் சொல். பின்னது கோர்க்கா என்னும் நேப்பாள ஊர்ப்பெயர் வழி வந்தது. காவலர் நேப்பாளியராயின் அவ்வாறே எழுதலாம். கதைக்கு அது வேண்டாவெனில் காவலர் என்பதே போதும். கதைமாந்தர் ஒருவர் இழித்துப் பேசுதல் வேறு. ஆசிரியர் கூற்றாகவே அச்சொல் வருதல் வேறு. நம் ஆண்டு மலருக்கு வந்த கதையொன்றில் ஆசிரியர் கூற்றிலேயே அது இருந்தது. எழுதிய அன்பரிடம் சொன்னோம். முகம் சுளியாது அவரே திருத்தித் தந்தார்.