நமக்கென்று ஒரு வலைப்பக்கம்

(பங்கு இளைஞர்கள் ஏற்பாடு செய்த வலைப்பக்கக் கூடுகையின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு நிகழ்ச்சிகளுள் ஒன்றாக, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பக்கத்தைத் தாமே அமைத்துக்கொள்ளும் கூடுகையை நம் இளைஞர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். "முகநூல் இருக்க, வாட்ஸப் இருக்க, இது எதற்கு?" என்று நம்முள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே, இக்கூடுகையின் நோக்கம் யாது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

இவ்வழக்கம் புதிதன்று. 1975 மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஏறத்தாழ முப்பது பேர் கூடினார்கள். கணிப்பொறி என்றால் பெரிய நிறுவனங்களின் சொத்து என்றிருந்த காலத்தில், அதனைத் தம் கையாலேயே செய்து பார்க்க விரும்பியவர்கள் அவர்கள். 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று அம்மன்றத்திற்குப் பெயராயிற்று. அறிந்தவர் அறியாதவருக்குக் கற்பித்தார். ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் அமைத்த கணிப்பொறியின் வரைபடங்களை அங்கு வந்தவர்களுக்கு இலவசமாகவே வழங்கினார். 1976-இல் ஆப்பிள் நிறுவனத்தின் முதற் கணிப்பொறியானது அதுவே.

அந்த மன்றத்தை நினைவிற்கொண்டே 2013-இல் 'ஹோம்புரூ வெப்சைட் கிளப்' எழுந்தது. அதற்கு முன்னரே, 2011-இல், போர்ட்லண்ட் நகரில் 'இண்டிவெப்கேம்ப்' என்னும் இருநாள் கூடுகை தொடங்கியிருந்தது. அங்கு முதல் நாள் கலந்துரையாடல், மறுநாள் வேலை. அவரவர் தம் சொந்தப் பக்கத்தில் ஏதேனும் ஒன்றைச் செய்து, முடிவில் மற்றவருக்குக் காட்டுவார்கள்.

இவ்வளவு அக்கறை ஏன்? ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். 1994-இல் தொடங்கிய 'ஜியோசிட்டிஸ்' என்னும் இடத்தில் உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் இலட்சக்கணக்கில் பக்கங்கள் அமைத்தார்கள். தெருவும் வீட்டு எண்ணும் போல அவற்றிற்கு முகவரியும் இருந்தது. குடும்பப் படங்கள், சமையற் குறிப்புகள், இறந்த பிள்ளையின் நினைவு என எத்தனையோ அங்கே இருந்தன. 1999-இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. தன்னார்வலர்கள் இரவு பகலாக முயன்று பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். எனினும் எல்லாவற்றையும் காப்பாற்ற இயலவில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பவன் வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தே வாழ்கிறான் அன்றோ? இன்று நாம் பிறர் இடத்தில் எழுதிக் குவிப்பதன் நிலையும் அதுவே.

சொந்தப் பக்கம் அமைப்பது கடினமான வித்தையன்று. 1993 ஏப்ரல் 30 அன்று, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடம், வலையின் நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்துவிட்டது. எச்.டி.எம்.எல். என்னும் குறியீடுகளுள் ஒரு பத்தைக் கற்றால் எளிய பக்கம் ஒன்றை எழுதிவிடலாம். நம் பெயரில் ஒரு முகவரியை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ளலாம். அக்கட்டணத்தை மறவாமல் செலுத்தி, எழுதியவற்றின் பிரதியை நம்மிடமே வைத்திருந்தால், ஓர் இடம் மூடப்பட்டாலும் வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது.

அப்படியானால் வீட்டிலிருந்தே செய்யலாமே, கூடுவானேன்? இங்குதான் நோக்கமே அடங்கியிருக்கிறது. தனியே தொடங்குபவர் ஒரு குறி தவறியதும் சலித்து விட்டுவிடுகிறார். அருகிலிருப்பவர் ஒரு நொடியில் அதைக் கண்டு சொல்லிவிடுகிறார். மேலும், இளைஞரிடம் நுட்பம் இருக்கிறது. சொல்வதற்குரிய செய்தியோ முதியோரிடம் இருக்கிறது. தட்டச்சு செய்யத் தெரியாத பாட்டியும், பாட்டியின் கதையை இதுவரை கேட்டறியாத பேரனும் ஒரே மேசையில் அமர்ந்தால், இருவருமே பயனடைகிறார்கள். பக்கம் அவரவருடையது, உழைப்போ எல்லாருடையது.

எனவே, இங்கே போட்டியில்லை, பரிசுமில்லை. நன்கு கற்றவர்கள் தம் திறமையைக் காட்டுவதற்காக அல்ல, பக்கத்திலிருப்பவருக்கு உதவுவதற்காக வாருங்கள். அறியாதவர்கள் கேட்பதற்குக் கூச வேண்டாம். ஓர் எச்சரிக்கை: வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகளின் படம் ஆகியவற்றைப் பொதுவில் வைக்குமுன் இருமுறை யோசியுங்கள். பிறரைப் பற்றி எழுதுவதானால் அவர்களது சம்மதம் பெறுங்கள்.

இந்த யூபிலி மலரை நாம் ஏன் அச்சிடுகிறோம்? நாளை நம் பேரப்பிள்ளைகள் இதைப் புரட்டி, நாம் யார், எப்படி வாழ்ந்தோம் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே. ஆனால் மலரில் எல்லாருக்கும் இடம் போதாது. நெசவாளியின் தொழில் நுணுக்கமும், மீனவரின் காற்றறிவும், ஒரு தாயின் ஊறுகாய்ப் பக்குவமும் இதில் அடங்கா. அவற்றை அவரவரே எழுதட்டும். இன்று மாலை வீடு திரும்புமுன், ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒன்றைப் பற்றிப் பத்து வரியாவது எழுதிவிட்டுச் செல்லுங்கள். அதுவே இக்கூடுகையின் வெற்றி.