தூங்கும் முன் ஒரு நிமிடம்





2023 ஆகஸ்ட் மாதம் நமக்குப் பக்கத்தில், மணலி மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பகுதியில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வீட்டுக்காரர் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். மனைவி அவருக்குத் துணையாக இருந்தார். வீட்டில் பாட்டியும் 3 சிறுமிகளும் தூங்கினார்கள். கொசுவிரட்டி மெஷின் உருகி அட்டைப் பெட்டியில் விழுந்து புகைந்தது. அந்தப் புகையில் மூச்சுத் திணறி நால்வரும் இறந்துபோனார்கள்.

அடைத்த அறையில் பொருள் புகையும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது, அப்படியே மயக்கிவிடும்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே எரிந்துபோனது. அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பு நமக்குப் பகை என்றும், தூங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. எலி விளக்குத் திரியை இழுத்துப்போய் வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்றும் எச்சரித்துள்ளார்கள். அந்தத் திரியின் இடத்தில் இன்று நம் வீட்டில் கொசுவிரட்டியும் செல்போன் சார்ஜரும் கேஸ் அடுப்பும் இருக்கின்றன.

நம் கல்மண்டபம் சந்துகளில் ஒரே அறை, ஒரே வாசல் உள்ள வீடுகள் உண்டு. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஆகவே தூங்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குவோம்.

கொசுவிரட்டியைத் துணி, அட்டை, மெத்தை அருகே வைக்க வேண்டாம். கொசுவலை இன்னும் நல்லது. சார்ஜரைக் கழற்றிவிடுவோம். கேஸ் ரெகுலேட்டரை மூடுவோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள். வாசலைச் சாமான்களால் அடைக்க வேண்டாம். புகை சூழ்ந்தால் குனிந்து, தவழ்ந்து வெளியேறி 101 அல்லது 112ஐ அழையுங்கள். நகைக்காகவோ பத்திரத்துக்காகவோ திரும்பி உள்ளே போகாதீர்கள்.

இன்னொன்று. தெருவில் ஒரு வீட்டுப் பெற்றோர் ஆஸ்பத்திரியில் இருந்தால், இஷாவுக்குப் பிறகு யாராவது ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி விசாரிப்போம். அது அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய ஹக். எரிந்த வீட்டுக்கு அரிசியும் துணியும் கொண்டுபோவது நம் கடமைதான். எரியாமல் பார்த்துக்கொள்வது அதற்கும் முந்திய கடமை.

அல்லாஹ் நம் அனைவரின் இல்லங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.